மலேரியா: காய்ச்சல் விட்ட பிறகு ஹீமோகுளோபின் இறங்குவது ஏன்?

வளர்மதி, வியாசர்பாடி

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 26, எலக்ட்ரீஷியன். ஓஎம்ஆரில் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடியில் வேலை, வாரத்தில் பாதி நாள் சைட்டிலேயே படுக்கை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதியம் மூன்று மணி வாக்கில் பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர் வரும். கட்டிலே ஆடும். அப்புறம் 104 டிகிரி. அது இறங்கும்போது பனியன் பிழியும்படி வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பான். அதனாலேயே டாக்டரிடம் போகத் தாமதம் ஆகிவிட்டது.

முதலில் பார்த்த இடத்தில் டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் ப்ளேட்லெட் 62,000 என்று வந்ததும் வீட்டில் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு ஸ்லைடு பார்த்து மலேரியா, அதில் வைவாக்ஸ் வகை என்றார்கள். குளோரோகுயின் மூன்று நாள் முடிந்துவிட்டது. பிரைமாகுயின் 14 நாள் போடச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

ரிப்போர்ட் இப்படி. மாத்திரைக்கு முன்: ஹீமோகுளோபின் 13.1, வெள்ளையணு மொத்தம் 3,600, மோனோசைட் 14 சதவீதம், ப்ளேட்லெட் 62,000. குளோரோகுயின் முடிந்த பிறகு: ஹீமோகுளோபின் 10.9, வெள்ளையணு 4,900, ப்ளேட்லெட் 1,38,000.

காய்ச்சல் சுத்தமாக இல்லை. ப்ளேட்லெட் ஏறுகிறது. ஹீமோகுளோபின் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? மாத்திரை ரத்தத்தைக் குறைக்கிறதா? பிரைமாகுயினை நிறுத்திவிடலாம் என்று சித்தப்பா சொல்கிறார். அந்த மோனோசைட் 14-க்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், கூகுளில் தேடினால் ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குரோம்பேட்டை மணி

கவலைப்படாதீர்கள் சகோதரி. பப்பாளி இலைச் சாறு காலையில் ஒரு அவுன்ஸ் கொடுங்கள். எங்கள் மாமனாருக்கு டெங்கு வந்தபோது 40,000-த்திலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் ஆனது. ஹீமோகுளோபினுக்கு மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை. அப்படியே வேறு லேபிலும் ஒரு தடவை பாருங்கள், லேபுக்கு லேப் மாறும்.


ஸ்லைடு ஸ்டீபன்

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. ராயபுரம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன், மைக்ராஸ்கோப்பில் குனிந்தே தலை நரைத்தவன். இங்கே வைவாக்ஸைப் பரப்பும் கொசுவின் பெயர் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி. லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதை வைத்து என்னை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் வேலை பழகுவார்கள். சாக்கடையில் அது முட்டையிடாது. மூடாத மாடித் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய நல்ல தண்ணீர், இதுதான் அதற்கு வேண்டும். தம்பிக்கு எங்கே கடித்திருக்கும் என்று இனி யோசிக்க வேண்டாம்.

இப்போது ரிப்போர்ட். மாத்திரை வேலை செய்யவில்லை என்று காட்டும் எண் இதில் ஒன்றும் இல்லை. மலேரியாவில் ஹீமோகுளோபின் காய்ச்சலோடு சேர்ந்து இறங்காது, பின்தங்கித்தான் இறங்கும். சிகிச்சை தொடங்கி ஒரு வாரம் வரைகூடக் கீழே போய்விட்டுத்தான் திரும்பும்.

ஏன் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 13.1-லிருந்து 10.9 என்றால் ஆறில் ஒரு பங்கு போயிருக்கிறது. ஆனால் வைவாக்ஸ் கிருமி இளம் சிவப்பணுக்களில்தான் விரும்பி நுழையும். அவை ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். எனவே கிருமி உள்ள அணுக்கள் இரண்டு சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். அவ்வளவும் வெடித்துப் போனாலும் இத்தனை இறக்கம் வராது. மீதி எங்கே போனது? கிருமி இல்லாத அணுக்கள்தான் போயிருக்கின்றன. கிருமியின் கழிவு பட்டும், எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டியும், நல்ல அணுக்களும் விறைத்துவிடுகின்றன. மண்ணீரல் ஒரு சல்லடை. வளைந்து கொடுக்காத அணுவை அது விடாது. வைவாக்ஸில் கிருமி உள்ள அணு ஒன்று சாகும்போது இல்லாதவை முப்பதுக்கும் மேல் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. இந்த வடிகட்டல் காய்ச்சல் நின்ற அன்றே நின்றுவிடாது, வீங்கிய மண்ணீரல் சுருங்கும்வரை கொஞ்ச நாள் நடக்கும்.

இரண்டாவது, எலும்பு மஜ்ஜை. உடம்பில் அழற்சி இருக்கும்வரை அது புது அணு செய்வதில் மந்தமாக இருக்கும். இரும்புச் சத்தும் கிடங்குக்குள் பூட்டப்பட்டுவிடும். அந்த நேரத்தில் ரெட்டிக்குலோசைட் என்னும் புத்தம் புதுச் சிவப்பணுக்களை எண்ணினால் ரத்தம் இவ்வளவு குறைந்தும் ஏன் ஏறவில்லை என்று தோன்றும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாக எழும்பும்.

மூன்றாவது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ட்ரிப்ஸ். முதல் ரிப்போர்ட் எடுத்தபோது வியர்த்து, வாந்தி எடுத்து, சாப்பிடாமல் கிடந்திருப்பான். ரத்தம் கெட்டியாக இருந்திருக்கும். அந்த 13.1 நிஜத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டியிருக்கலாம். தண்ணீர் ஏறியதும் உண்மை தெரிந்தது.

ப்ளேட்லெட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் டெங்கு பயத்தில் இந்த ஒரு எண்ணை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மலேரியாவிலும் பெரும்பாலானவர்களுக்கு அது இறங்கும். வைவாக்ஸில் 50,000, 60,000 எல்லாம் எங்கள் மேஜையில் சாதாரணம். சாதாரணமாகவே உடம்பின் தட்டணுக்களில், அதாவது ப்ளேட்லெட்டில், மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கும். அது வீங்கினால் இன்னும் அதிகம் உள்ளே போய்விடும். அதோடு எதிர்ப்புப் புரதம் ஒட்டியவை சீக்கிரம் அழியும். மஜ்ஜை அதற்கு ஈடுகொடுக்கப் புதிதாகப் பெரிய பெரிய தட்டணுக்களாக அனுப்பும், ஸ்லைடிலேயே தெரியும். கிருமி ஒழிந்ததும் சில நாளில் எண்ணிக்கை ஏறிவிடும். தம்பிக்கு ஏறியது மாத்திரையால், இலையால் அல்ல. மணி சார் கோபிக்கக் கூடாது. டெங்குவிலும் ஒரு வாரத்தில் தட்டணு தானாக ஏறத்தான் செய்யும், பெயர் மட்டும் இலைக்குப் போகும்.

ஆனால் மணி சார் சொன்ன இன்னொன்று பாதி சரி. குறைந்த ப்ளேட்லெட்டை அப்படியே நம்பக் கூடாது. ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் சிலருடைய தட்டணு கூட்டமாக ஒட்டிக்கொள்ளும், மெஷின் அதை எண்ணாமல் விட்டுவிடும். அதற்கு லேப் மாற்ற வேண்டியதில்லை, ஸ்லைடைப் பார்த்தால் போதும். ஸ்லைடில் தேய்த்த ரத்தப் படலத்தின் வால் பக்கம் போய்த் திட்டுத் திட்டாக நிற்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் ஆயில் லென்ஸில் பத்து ஃபீல்டு, அதாவது ஒரு பார்வையில் தெரியும் வட்டம் பத்து, எண்ணிச் சராசரி எடுத்து 15,000-ஆல் பெருக்குவோம். ஃபீல்டுக்கு நாலு இருந்தால் 60,000. மெஷினும் அதையே சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

மோனோசைட் 14. கூகுளை மூடி வையுங்கள். செத்த சிவப்பணுக்களையும் கிருமியின் கழிவையும் வாரித் தின்பது இந்த அணுதான், அதற்கு இப்போது வேலை அதிகம். வைவாக்ஸ் ஸ்லைடில் என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். பக்கத்து அணுவைவிடப் பெரிதாக உப்பி, வெளுத்துப்போன ஒரு சிவப்பணு. அதற்குள் ஒழுங்கான வடிவம் இல்லாமல் பரந்து கிடக்கும் நீலக் கிருமி. சாயம் நன்றாக ஏறியிருந்தால் சுற்றிலும் பொடிப் பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகள். கொஞ்சம் நகர்த்தினால் ஒரு மோனோசைட், வயிற்றுக்குள் பழுப்பு நிறத் துகள்களோடு. கிருமி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டுத் துப்பிய எச்சம் அது. அதைப் பார்த்துவிட்டால் கிருமி இன்னும் கண்ணில் படாவிட்டாலும் நான் அந்த ஸ்லைடை விடமாட்டேன். அந்தத் துகள் ஒளியைச் சிதறடிப்பதால் சில மெஷின்கள் ஏமாந்து இயோசினோஃபில் என்ற வேறொரு வெள்ளையணு அதிகம் என்று அச்சடித்துத் தரும். கையால் எண்ணினால் இருக்காது.

வெள்ளையணு 3,600 என்பதும் இதற்குள்ளேயே அடக்கம். மலேரியாவில் அது சரியாகவோ குறைவாகவோதான் இருக்கும். 15,000, 18,000 என்று ஏறியிருந்தால்தான் யோசிக்க வேண்டும், பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருக்கலாம், இல்லை நோய் கடுமையாக இருக்கலாம்.

டெங்குவையும் இதையும் ரிப்போர்ட்டை வைத்தே ஓரளவு பிரிக்கலாம். இரண்டிலும் வெள்ளையணு இறங்கும், ப்ளேட்லெட் இறங்கும். டெங்கு முற்றினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். மலேரியாவில் இறங்கும். ஆனால் ஊகம் ஊகம்தான், ஸ்லைடுதான் சாட்சி. காய்ச்சலோடு ப்ளேட்லெட் குறைந்து வரும் ஒவ்வொருவருக்கும் டெங்கு கேட்டால் மலேரியாவும் கேளுங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்லைடும் இலவசம், மாத்திரையும் இலவசம்.

என் கருத்து ஒன்றுதான். தினம் ப்ளேட்லெட் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள், அது தேறிவிட்டது. ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காய்ச்சல் நின்றதும் ஆள் வேலைக்குப் போய்விடுவான், படி ஏற மூச்சு வாங்கும், வயசுப் பையன் சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்குவான்.

பிரைமாகுயினைப் பற்றி டாக்டர் யாராவது சொல்லட்டும்.


வளர்மதி, வியாசர்பாடி

ஸ்டீபன் அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். படி ஏற மூச்சு வாங்குவது இப்போதே இருக்கிறது, நாங்கள் திட்டிக்கொண்டும் இருக்கிறோம்!

இரண்டு சந்தேகம். 62,000 இருந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ப்ளேட்லெட் பாக்கெட் ஏற்ற வேண்டும், உடனே அட்மிட் ஆகுங்கள் என்றார்கள். பணம் புரட்ட முடியாமல் வந்துவிட்டோம். அது தப்பா? இன்னொன்று, பிரைமாகுயினுக்கு முன்னால் ஏதோ ஜி6பிடி டெஸ்ட் எடுக்க வேண்டுமாமே, தம்பிக்கு எடுக்கவே இல்லை.


டாக்டர் மெஹர், இராமநாதபுரம்

பொது மருத்துவர். கடலோரத்தில் இருப்பதால் மலேரியா எங்களுக்கும் புதிதல்ல. ஸ்டீபன் அண்ணன் எழுதியதில் நான் திருத்த எதுவும் இல்லை.

62,000-க்கு, ரத்தக் கசிவு எதுவும் இல்லாதபோது, ப்ளேட்லெட் ஏற்றத் தேவையே இல்லை. பொதுவாக 10,000-க்குக் கீழே போனாலோ, ஈறு, மூக்கு, மலம் வழியாக ரத்தம் போனாலோதான் அந்தப் பேச்சு. நீங்கள் எதையும் இழக்கவில்லை. வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை, குறிப்பாக ஆஸ்பிரின் வகை, அந்தச் சமயத்தில் வேண்டாம். மண்ணீரல் வீங்கியிருக்கும்வரை கபடி, ஜிம், பைக்கில் கரடுமுரடான பயணமும் வேண்டாம். அடிபட்டால் கிழிய வாய்ப்பு உண்டு.

பிரைமாகுயின் ஏன் என்றால், வைவாக்ஸ் கல்லீரலுக்குள் உறங்கும் வடிவத்தில் ஒளிந்திருக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். உறங்குவது வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து எழுந்தால் மறுபடி காய்ச்சல், மறுபடி ரத்தம் உடைதல். ஹீமோகுளோபினைக் காப்பாற்றுவதற்காக பிரைமாகுயினை நிறுத்தினால் பின்னால் அதையே இழக்க நேரிடலாம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் சித்தப்பாவின் பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஜி6பிடி என்சைம் குறைவாகப் பிறந்தவர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, பிரைமாகுயின் சிவப்பணுக்களை மளமளவென்று உடைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், இடுப்பு வலிக்கும், மூச்சு வாங்கும். பொதுவாக மாத்திரை தொடங்கிய முதல் சில நாளிலேயே தெரிந்துவிடும். தம்பியின் சிறுநீர் நிறத்தை இன்றே கேளுங்கள். கறுத்திருந்தால் அடுத்த மாத்திரை போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரணமாக இருந்தால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு 14 நாளையும் முடிக்கட்டும். மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள், 10.9-க்கு அது கொஞ்சம் அதிகம்தான். அதனால் ஒரு வாரம் காத்திருக்காமல் நாளைக்கே ஒரு தடவை ஹீமோகுளோபினும், சிவப்பணு உடைந்தால் ஏறும் பிலிருபினும் பார்த்துவிடுங்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் காட்டுங்கள்.

டெஸ்ட் முன்கூட்டி எடுத்திருந்தால் நல்லது. இப்போது எடுப்பதில் ஒரு சிக்கல். அணுக்கள் உடைந்து புது அணுக்கள் ஏறும் சமயத்தில் எடுத்தால், புது அணுவில் அந்த என்சைம் இயல்பாகவே அதிகம் என்பதால் குறைபாடு உள்ளவருக்கும் நார்மல் என்று வந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கிடையவே கிடையாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மிச்ச மாத்திரை கொடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையை இந்த வாரமே தொடங்க அவசரம் இல்லை, அழற்சி அடங்காமல் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. முருங்கைக்கீரை தாராளமாக. ஒன்றரை மாதத்திலும் பழைய அளவுக்கு வராவிட்டால் மலேரியா மேல் பழி போடாமல் வேறு காரணம் தேட வேண்டும்.


அக்ரா சிவா

கானாவில் வேலை, சொந்த ஊர் துறையூர். இங்கே உங்கள் தம்பிக்கு வந்த வைவாக்ஸ் இல்லை, ஃபால்சிபாரம் என்ற வேறு வகை மலேரியா. போன வருஷம் மாட்டிக்கொண்டேன். ஊசி வழியாக ஆர்டிசுனேட் போட்டு, பிறகு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். லீவுக்கு ஊருக்கு வந்த இரண்டாவது வாரத்தில் மஞ்சள் காமாலை மாதிரி கண், ஹீமோகுளோபின் 8-க்கு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் எடுத்தால் மலேரியா பாசிட்டிவ். மறுபடி முதலிலிருந்து மலேரியா மருந்து கொடுத்தார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டர்தான், கிருமியே இல்லை, ஊசியின் பின்விளைவு இது என்றார். இப்படியும் நடக்குமா?


ஸ்லைடு ஸ்டீபன்

நடக்கும் சிவா. ஃபால்சிபாரம் இளசு, முதிர்ந்தது என்று பார்க்காமல் எல்லாச் சிவப்பணுவிலும் நுழையும். அதனால் ஏறினால் கணக்கில்லாமல் ஏறும். ஆர்டிசுனேட் ஊசி போட்டதும் மண்ணீரல் ஒரு வேலை செய்கிறது. சிவப்பணுவை அழிக்காமல் உள்ளே இருக்கும் செத்த கிருமியை மட்டும் உருவி எடுத்துவிட்டு அணுவைத் திருப்பி அனுப்புகிறது. அப்படி ஒட்டுப்போட்ட அணுவுக்கு ஆயுள் குறைவு. ஒரு வாரம் கழித்து, சிலருக்கு மூன்று வாரம் வரை, அவை மொத்தமாக உடையும். அந்த ஊசி போட்டவர்களுக்கு நாலு வாரம், வாரம் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். உயிரைக் காப்பாற்றும் மருந்து அது, பயந்து மறுக்க வேண்டாம்.

கார்டு விஷயம்: ஃபால்சிபாரம் கோடு காட்டும் புரதம் கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். சமீபத்தில் மலேரியா வந்தவருக்கு அந்தக் கார்டை மட்டும் நம்பக் கூடாது. ஸ்லைடில் ரத்தத்தைக் கெட்டியாகப் பரப்பித் தடித்த படலம் ஒன்று போட்டு நூறு ஃபீல்டு பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.


டிஎம்எல்டி ஹரி

சார், நான் லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருட மாணவன். எங்களுக்குத் தடித்த படலத்தில் 200 வெள்ளையணு எண்ணும்வரை கிருமிகளை எண்ணி, 8,000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்கச் சொல்லித் தந்தார்கள். வளர்மதி அக்காவின் தம்பிக்கு வெள்ளையணு 3,600 தானே? அப்போது 8,000 போட்டால் தப்பாக வராதா?


ஸ்லைடு ஸ்டீபன்

வரும் ஹரி, நல்லாப் பிடித்தாய். அந்த 8,000 என்பது வெள்ளையணு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் வைத்துக்கொள்ளும் பொது எண். மலேரியா நோயாளிக்கு அது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 200 வெள்ளையணுவுக்கு 150 கிருமி எண்ணினாய் என்று வை. 8,000 போட்டால் மைக்ரோலிட்டருக்கு 6,000. அவனுடைய சொந்த 3,600 போட்டால் 2,700. பாதிக்கும் கீழே. முதல் நாள் ஒரு லேபில் பொது எண்ணும் மூன்றாம் நாள் இன்னொரு லேபில் சொந்த எண்ணும் போட்டால், கிருமி குறையாமலே குறைந்த மாதிரி தெரியும், டாக்டர் மருந்து கேட்கிறது என்று நினைத்துவிடுவார். சிபிசி, அதாவது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை ரிப்போர்ட், கையில் இருந்தால் அந்த எண்ணைப் போடு, இல்லாவிட்டால் 8,000 போடு, எதைப் போட்டாய் என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதிவிடு. படலம் காய்ந்ததும் அதன் வழியாகச் செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தாயா? படிக்க முடியாவிட்டால் தடிப்பு அதிகம், கழுவும்போது பாதி உரிந்து போய்விடும், அப்புறம் எந்தக் கணக்கும் உதவாது.